கல் கொத்திய கை, சட்டம் எழுதிய கை: ஹென்றி பிராட்ஹர்ஸ்ட்

உளிமகன் (ஆர்.கே.புரம்)

எல்லோருக்கும் வணக்கம். கிருத்திகைக்கு அப்பாவை மலை மந்திருக்குக் கூட்டிப் போயிருந்தேன். எண்பது தாண்டிவிட்டது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கமாட்டார், கல்லைத்தான் தொட்டுக்கொண்டு வருவார். அந்தக் கோயில் வேலைக்காகத்தான் ஊரிலிருந்து டெல்லிக்கு வந்தார், கல்தச்சராக. 1973-இல் கும்பாபிஷேகம் ஆனதும் கூட வந்தவர்கள் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். இவர் தங்கிவிட்டார். அப்புறம் முப்பது வருடம் தரைக்கல், படிக்கல், வீட்டு முகப்பு என்று கிடைத்த வேலை எல்லாம் செய்து எங்களைப் படிக்க வைத்தார்.

சின்ன வயதில் அவரோடு பஸ்ஸில் போகும்போது நாடாளுமன்றத்தைக் காட்டுவார். "தூண் 144 இருக்குடா, அத்தனையும் ஆள் கொத்தினது" என்பார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பேசமாட்டார். கல்லோடு தன் பேச்சு முடிந்தது என்பதுபோல இருக்கும்.

ஒரு பார்லிமென்டைக் கட்டிய கொத்தனார் அதே பார்லிமென்டுக்குள் உறுப்பினராகப் போய் உட்கார்ந்த கதை ஒன்று உண்டு. சில மாதங்களாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹென்றி பிராட்ஹர்ஸ்ட் என்று பெயர், இங்கிலாந்துக்காரர். 1840 ஏப்ரலில் ஆக்ஸ்போர்டு பக்கத்தில் லிட்டில்மோர் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் கொத்தனார். 1834-இல் தீயில் எரிந்துபோன லண்டன் நாடாளுமன்றத்தைத் திரும்பக் கட்ட முதல் கல் வைத்ததும் அதே 1840 ஏப்ரலில்தான். பன்னிரண்டு வயது வாக்கில் பள்ளிக்கூடத்தோடு சரி. கொஞ்ச நாள் கொல்லன் பட்டறை, பிறகு உளி.

இருபது வயதுக்குள் வேலையில்லாமல் பல மாதம் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஊர் ஊராக நடந்து திரிந்திருக்கிறார். எங்கே கட்டடம் எழும்புகிறதோ அங்கே போய் மேஸ்திரியிடம் கேட்பது, இல்லை என்றால் அடுத்த ஊர். அப்பாவும் கோயில் வேலை முடிந்த புதிதில் இப்படித்தான் முனிர்கா, மெஹ்ரௌலி என்று சாக்குப்பையில் உளிகளைக் கட்டிக்கொண்டு நடந்தாராம். அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1865-இல் லண்டன் வந்து வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடத்தில் கல் வேலை செய்தார். 1872-இல் கொத்தனார்கள் போராட்டத்தில் முன்னுக்கு வந்து, சங்க வேலையே முழுநேர வேலை ஆயிற்று. 1875-இல் தொழிற்சங்கப் பேராயத்தின் (பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு, TUC) நாடாளுமன்றக் குழுச் செயலாளர். 1880-இல் ஸ்டோக் தொகுதியில் ஜெயித்து உள்ளே போனார். 1886-இல் லிபரல் கட்சிப் பிரதமர் கிளாட்ஸ்டன் அரசில் உள்துறைத் துணை அமைச்சர். பிரிட்டிஷ் அரசில் தொழிலாளி ஒருவர் அமைச்சர் பொறுப்பில் அமர்ந்தது அதுதான் முதல் தடவை.

பதினைந்து வருடத்துக்கு முன் வெளியே சாரத்தில் நின்றவர் அதே கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். இதை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "உளியைக் கீழே வச்ச அப்புறம் அவருக்குச் சோறு யாரு போட்டாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மயூர்விஹார் சுந்தர்

அருமையான பதிவு தம்பி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பள்ளிப் படிப்பு இல்லாமலே இவ்வளவு தூரம் போனவர் என்றால், சங்கக் கூட்டங்களில் கணக்கு எழுதியும் தீர்மானம் எழுதியுமே கற்றுக்கொண்டிருப்பார். எங்கள் அரசுக் குடியிருப்பு நலச்சங்கத்தில்கூட நன்றாக மினிட்ஸ் எழுதியவர் ஒரு எலக்ட்ரீஷியன்தான்.

கரோல்பாக் ரமணி

உளிமகன், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதிப் பாதியையும் பேச வேண்டும், இல்லையென்றால் இது வெறும் பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும்.

இவர் தொழிலாளர் கட்சிக்காரர் இல்லை. லிபரல் கட்சியோடு சேர்ந்து நின்றவர். 1887-இல் ஸ்வான்சியில் நடந்த தொழிற்சங்கப் பேராயத்தில் பின்னாளில் தொழிலாளர் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான கெய்ர் ஹார்டி எழுந்து இவரை நேருக்கு நேராகக் கேள்வி கேட்டார். இடைத்தேர்தலில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை முதலாளிக்கு ஆதரவாக எப்படிப் போனீர்கள் என்பதுதான் கேள்வி. ஹார்டி பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவருக்கு அந்தக் கோபம் வர உரிமை இருந்தது.

எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்க வேண்டும் என்று சுரங்கத் தொழிலாளர்கள் கேட்டபோதும் பிராட்ஹர்ஸ்ட் எதிர்த்தார். சங்கம் தன் பலத்தில் வாங்க வேண்டியதைச் சட்டத்திடம் கேட்கக்கூடாது என்பது அவர் வாதம். பலமான சங்கம் உள்ள கொத்தனாருக்கு அது சரி. சங்கமே இல்லாத வண்டி இழுப்பவனுக்கும் சுமை தூக்குபவனுக்கும் என்ன வழி? பிறகு நாட்டிங்காம் தொகுதிக்கு மாறியவர் 1892 தேர்தலில் அங்கே தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. 1884-இல் வேல்ஸ் இளவரசர் தன் சான்ட்ரிங்காம் மாளிகைக்கு அழைத்தார், இவரும் போனார். இரவு விருந்துக்குப் போட வேண்டிய உடை இல்லாததால் இவருக்கு அறையிலேயே சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். சிலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு நெஞ்சு வலிக்கிறது. பந்தியில் உட்கார வைக்காத வீட்டில் எதற்காகத் தங்க வேண்டும்?

உளிமகன்

ரமணி சார், நீங்கள் சொன்னது எல்லாம் நடந்ததுதான், மறைக்க வேண்டும் என்று நான் விடவில்லை. எட்டு மணி நேர விஷயத்தில் ஹார்டி பக்கம்தான் நியாயம். தனக்குக் கிடைத்த ஏணி எல்லோருக்கும் இருக்கிறது என்று நினைத்துவிட்டார் பிராட்ஹர்ஸ்ட்.

சான்ட்ரிங்காம் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வாடகைக்கு ஒரு கோட் எடுத்துப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கலாம், அவர் அதைச் செய்யவில்லை. அப்பா சைட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் கொடுக்கும் சாப்பாட்டை உள்ளே உட்கார்ந்து சாப்பிடமாட்டார். கல் தூள் ஒட்டின வேட்டியோடு வேப்பமரத்தடியில் தன் தூக்குச்சட்டியைத் திறப்பார். அவமானப்பட்டு அல்ல, அது அவர் இடம். இதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ஜங்புரா செல்வி

பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இதே பிராட்ஹர்ஸ்ட் 1877-இல் தொழிற்சங்க மேடையில், மனைவிமார் வீட்டில் இருப்பதுதான் முறை, ஆண்களோடு வேலைக்குப் போட்டி போடும் நிலை வரக்கூடாது என்று பேசியவர். அன்று பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கூலி குறைவாகக் கொடுத்ததை விட்டுவிட்டு, அவர்கள் வந்ததே தப்பு என்றால் எப்படி? எங்கள் பக்கத்தில் சித்தாள் வேலை செய்யும் பெண்கள் இல்லாமல் எந்தக் கொத்தனார் சுவர் எழுப்பியிருக்கிறார்?

அதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் எனக்கு முக்கியம். 1884-இல் தொழிலாளர் குடியிருப்பு பற்றி அரச ஆணையம் ஒன்று அமைத்தார்கள். வேல்ஸ் இளவரசர், சாலிஸ்பரி பிரபு, கார்டினல் மானிங் எல்லாம் அதில் உறுப்பினர்கள். அவர்களோடு பிராட்ஹர்ஸ்டும் இருந்தார். ரயில் பாதைக்கும் புதுச் சாலைக்கும் லண்டனில் ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளிய காலம். இடிபட்டவர்கள் ஊருக்கு வெளியே போகவில்லை, பக்கத்துத் தெருவிலேயே ஒரே அறையில் ஒரு குடும்பமாக நெருக்கிக்கொண்டார்கள். ஏன் என்று ஆணையம் விசாரித்தது. வேலை கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் காலையில் கூலிக்கு நிற்க முடியும் என்பது அதன் அறிக்கையில் அழுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. 1885 அறிக்கை அது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப், நம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி, இடிக்கப்பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். சுமார் 370 வீடுகள். நீதிமன்ற உத்தரவுப்படி நடந்தது. அதில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்று வீடு என்றார்கள். ஜங்புராவிலிருந்து நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எங்கள் மாடியில் நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மா அங்கே போனார். விழுப்புரம் பக்கத்துக்காரர். முன்பு ஆறரைக்கு நடந்தே வருவார். இப்போது விடியும் முன்பே கிளம்பி மூன்று பஸ் மாறி வந்துசேர ஒன்பது ஆகிறது. இரண்டு வீட்டு வேலை போய்விட்டது. பையனைப் பள்ளி மாற்றினால் தமிழ் விட்டுப்போகும் என்று அவனை இங்கே சித்தி வீட்டில் விட்டிருக்கிறார்.

அவர் என்னிடம் சொன்னது: "வீடு நல்லாதான்க்கா இருக்கு. தண்ணி வருது, கதவு இருக்கு. ஆனா வேல இங்க இருக்கே." 1885-இல் அந்த ஆணையம் பக்கம் பக்கமாக எழுதியது இந்த ஒரு வரியைத்தான்.

மேஜையில் உட்கார்ந்து முடிவு எடுப்பவர்களில் ஒருவராவது கூலிக்கு நின்றவராக இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். பிராட்ஹர்ஸ்ட் நல்லவரா கெட்டவரா என்பது எனக்கு அடுத்த விஷயம்.

மயூர்விஹார் சுந்தர்

செல்வி, படித்ததும் மனசு கனத்துப்போனது. அந்தப் பையனின் பஸ் பாஸ், புத்தகம் எதற்காவது உதவி தேவையென்றால் தனியாக எனக்கு எழுதுங்கள்.

பொன்மலைக்காரன் (துவாரகா)

லண்டன் கதை பேசுகிறீர்கள், நல்லது. நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. நான் பிறந்தது திருச்சி பொன்மலை, தாத்தா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஒர்க்ஷாப் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைப்பார்கள்.

1946 செப்டம்பர் 5-ஆம் தேதி, ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது பொன்மலை சங்கத் திடலில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்றைய சங்கத் தலைவர்களில் முக்கியமானவர் கே. அனந்தன் நம்பியார். கம்யூனிஸ்ட். அவர் 1952 முதல் பொதுத்தேர்தலில் மாயூரம் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். 1962, 1967 இரண்டு தேர்தலிலும் திருச்சியிலிருந்து ஜெயித்தார்.

உள்ளே போனதும் வாழ்க்கை மாறியதா? 1964 கடைசியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அவரையும் புதுக்கோட்டை எம்.பி. ஆர். உமாநாத்தையும் விசாரணை இல்லாமல் சிறையில் வைத்தார்கள். எங்களை மக்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், கூட்டத்தொடருக்குப் போக விட வேண்டும் என்று இருவரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1965-இல் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் அமர்வு தீர்ப்புச் சொன்னது: காவலில் இருக்கும் உறுப்பினருக்கு அப்படித் தனி உரிமை எதுவும் இல்லை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அவர் பெயரிலேயே அந்த வழக்கைப் படிக்கிறார்கள். என் மகள் படித்துக்கொண்டு வந்து, "அப்பா, இது நம்ம ஊர்க்காரரா?" என்று கேட்டபோதுதான் எனக்கே முழு விவரம் தெரிந்தது.

1967-இல் அதே திருச்சி அவரைத் திரும்பவும் அனுப்பியது. தாத்தா அந்தத் தேர்தலில் சைக்கிளில் சுவரொட்டிப் பசை வாளியைக் கட்டிக்கொண்டு சுற்றினார். ரமணி சார், உள்ளே போனவர் அனுப்பியவர்களை மறந்துவிடுவாரோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு எங்கள் பக்கத்துப் பதில் இது. அனுப்பிய ஆட்கள் பின்னால் விடாமல் நின்றால், உள்ளே போனவர் அவர்களுடையவராகவே இருப்பார்.

கரோல்பாக் ரமணி

பொன்மலைக்காரருக்கு நன்றி. கஜேந்திரகட்கர் தீர்ப்பு தெரியும், அதன் பின்னால் பசை வாளி கட்டிய சைக்கிள் இருந்தது தெரியாது.

உளிமகன் அப்பாவின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. சோறு யார் போட்டது?

உளிமகன்

அதற்குத்தான் வருகிறேன், இந்த இழையை ஆரம்பித்ததே அதற்காக.

பிராட்ஹர்ஸ்ட் காலத்தில் பிரிட்டனில் எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது. பண்ணையும் ஆலையும் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 1874-இல் முதன்முதலாக உள்ளே போன இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள் தாமஸ் பர்ட், அலெக்சாண்டர் மெக்டொனால்டு. பர்ட்டுக்கு நார்தம்பர்லாந்து சுரங்கச் சங்கம் வருடத்துக்கு 500 பவுண்டு கொடுத்தது. கரி தோண்டுபவன் கொடுத்த சந்தா அது. பிராட்ஹர்ஸ்ட்டும் சங்கச் செயலாளர் என்ற முறையில் வந்ததை வைத்துத்தான் ஓட்டினார்.

பிறகு அந்த வழியையும் அடைத்தார்கள். ஆஸ்பார்ன் என்ற ரயில்வே போர்ட்டர், தன் சந்தாவை அரசியலுக்குச் செலவழிக்கக்கூடாது என்று வழக்குப் போட்டார். 1909-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சங்கப் பணத்தில் வாழ்ந்த எம்.பி.க்கள் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். அதனால்தான் 1911-இல் அரசே வருடம் 400 பவுண்டு கொடுக்க ஆரம்பித்தது. அதே 1911 அக்டோபரில் பிராட்ஹர்ஸ்ட் இறந்துவிட்டார். 1906-லேயே ஓய்வு பெற்றவர், அந்தச் சம்பளத்தில் ஒரு பென்னிகூட வாங்கவில்லை.

நம் நாட்டில் அரசியலமைப்பின் 106-ஆவது பிரிவிலேயே உறுப்பினர் சம்பளத்தை எழுதி வைத்தார்கள். 1954 சட்டத்தில் மாதம் 400 ரூபாய், கூட்டம் நடக்கும் நாட்களுக்கு 21 ரூபாய் படி. இன்று 1,24,000 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்து நம்மில் பலர் கொதிக்கிறோம். நானும் கொதித்தவன்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. சம்பளமே வேண்டாம் என்று சொல்லக்கூடியவன் யார்? அது தேவைப்படாதவன் மட்டும்தான்.

அடைப்பு இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. டெல்லியில் திறன் பெற்ற தொழிலாளிக்கு 2025 ஏப்ரல் கணக்கில் குறைந்தபட்சக் கூலி மாதம் 22,411 ரூபாய். அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால். மக்களவைத் தேர்தலில் நிற்க டெபாசிட் 25,000. ஒரு மாதக் கூலி அப்படியே போயிற்று. ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று அனுமதித்திருக்கும் உச்சவரம்பு 95 லட்சம். ஒரு கல்தச்சர் 35 வருடம் ஒரு பைசா சாப்பிடாமல் சேர்த்தால்தான் அந்தத் தொகையைத் தொட முடியும். ஜெயித்த பிறகு சோறு போட ஏற்பாடு இருக்கிறது. ஜெயிக்கும் வரைக்கும் யார் போடுவது?

இதை அப்பாவிடம் சொன்னேன். "சந்தா போட்டு அனுப்பினாங்கல்ல, அதுதான்டா சரி. நம்ம காசுல போனவன்தான் நம்மகிட்ட திரும்பி வருவான்" என்றார். பொன்மலைக்காரர் எழுதியதை இன்னும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை, அதற்குள் இப்படிச் சொல்லிவிட்டார்.

ஜங்புரா செல்வி

95 லட்சத்தை நீங்கள் வருடமாக்கிக் காட்டியது நல்லதாயிற்று. நரேலா அம்மாவிடம் இன்று இதைச் சொன்னேன். கேம்ப் இருந்தபோது பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலிப்பார்களாம், ஒருத்தரும் இல்லை என்று சொன்னதில்லையாம். "ஆளுக்கு நூறுன்னா எத்தன வீடுக்கா வேணும்?" என்று விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு வாசலில் நின்றபடியே போட்டார்.

பொன்மலைக்காரன்

உளிமகன், ஒரு சந்தேகம். வெஸ்ட்மின்ஸ்டர் கல் சீக்கிரமே உதிர்ந்துபோனது என்று எங்கோ படித்தேன். பிராட்ஹர்ஸ்ட் அங்கே வேலை செய்த காலமா அது?

உளிமகன்

ஆமாம். யார்க்ஷயர் பக்கம் ஆன்ஸ்டன் என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல். கட்டடம் முழுசாக முடியும் முன்பே அங்கங்கே பொரிந்து விழ ஆரம்பித்தது. 1861-இல் அதற்கென்று ஒரு குழு போட்டு ஆராய்ந்தார்கள். இவர் வந்தது அதற்கு நாலு வருடம் கழித்து. 1928-க்குப் பிறகு க்ளிப்ஷம் என்ற வேறு கல்லைக் கொண்டு நிறைய மாற்றினார்கள்.

அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனில் பெரிசாக்கிப் பார்த்தார். "கல்லுக்குப் படுக்கை உண்டு. குவாரியில எப்படிப் படுத்துக் கிடந்துச்சோ, சுவத்துலயும் அப்படியே படுக்கணும். நிக்க வச்சா ஏடு ஏடா உரியும். இதை வெட்டுற எடத்துலயே ஒருத்தன் நின்னு பாத்து அடையாளம் போட்டு அனுப்பணும்" என்றார். குவாரியில் நின்று கல்லைப் பொறுக்கி அனுப்பச் சரியான ஆள் வைக்கவில்லை என்பதும் அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றுதான். அதை அப்பாவிடம் நான் முன்னால் சொல்லியிருக்கவில்லை.

இப்போது அவருக்கு ஒரு ஆசை வந்திருக்கிறது. நம் பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக் கல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பக்கத்தில் விடமாட்டார்கள் என்றேன். ரோட்டில் நின்றே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை விஜய் சௌக் பக்கம் கூட்டிப் போகிறேன்.

பொன்மலைக்காரன்

நானும் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மெட்ரோவில் வந்துவிடுவோம். எத்தனை மணிக்கு?

உளிமகன்

வாங்க அண்ணா. காலை ஏழு மணிக்கே. வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் ஒன்றும் தெரியாதாம், சாய்ந்த வெளிச்சத்தில்தான் உளித் தடம் கண்ணில் படும் என்கிறார் அப்பா.